நுரை நிற்கும் நேரம்

மே 3, சனி

இந்த நோட்டு கல்லூரி ஆய்வகத்துக்காக வாங்கியது. முதல் நான்கு பக்கங்களில் மாணவிகளின் உப்புச் சோதனை முடிவுகள் இருக்கின்றன. விடுமுறை விட்டாயிற்று. மிச்சப் பக்கங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணனின் கல்லீரல் பற்றி மருத்துவர் வியாழக்கிழமை என்னிடம் தனியாகச் சொன்னார். இதே அளவு குடித்துக்கொண்டிருந்தால் அடுத்த தீபாவளியைப் பார்ப்பது சந்தேகம். அண்ணன் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். "என்னவாம்?" என்று கேட்டான். "குறைக்கணுமாம்" என்றேன். "எல்லா டாக்டரும் ஒரே பாட்டு" என்றான்.

மணவாளன் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது. இருபத்தேழு வருடம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். காலை பத்து மணிக்கு முதல் பாட்டில். படுப்பதற்குள் ஆறு. எல்லாம் ஸ்ட்ராங் பீர். கேட்டால், "பீரெல்லாம் சரக்குல சேராது பாப்பா. பார்லித் தண்ணி. உடம்புக்குக் குளிர்ச்சி. கிட்னியில கல்லு சேராது" என்பான். எனக்கு நாற்பத்தொன்பது வயது. அவனுக்கு இன்னும் பாப்பா.

அண்ணி சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். ஒருநாள் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் கொட்டினாள். அன்றைக்கே அண்ணன் பையை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனான். அண்ணி மகளோடு திருச்சிக்குப் போனாள். அவன் லாஸ்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் போய்விடுவான். லாட்ஜில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கவலை. மற்றபடி தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

கால் வீங்கிய பிறகு அவனால் கடைக்குப் போக முடிவதில்லை. ஆட்டோ ஓட்டும் தாவூதுதான் நான்கு நாளைக்கு ஒருமுறை இரண்டு பெட்டி கொண்டுவருகிறார். இன்றும் வந்தார்.

"மேடம், ஃபிரிட்ஜுல எடம் இருக்குதா, இல்ல உங்க தயிரத் தூக்கி வெளிய வச்சிடட்டா?"

ஹாலில் கட்டிலில் இருந்து அண்ணன் கத்தினான்: "தயிரத் தூக்கு தாவூது. அது வெளியவே நல்லாப் புளிக்கும்."

ஆல்கஹால் எழுபத்தெட்டு டிகிரியில் கொதித்து ஆவியாகும், தண்ணீர் நூறில். இதை வருடா வருடம் பதினெட்டு வயதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மே 4, ஞாயிறு

மத்தியானம் அவன் தூங்கும்போது ஒரு பாட்டிலை அகலமான பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன், தீயை மிகச் சின்னதாக வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை விட்டு, வற்றிய அளவுக்கு ஆறிய தண்ணீர் சேர்த்தேன். வீடெல்லாம் கஞ்சி வாசனை. அதை மறைக்க இன்னொரு அடுப்பில் பூண்டுக் குழம்பு.

பிறகு வாயில் விட்டுப் பார்த்தேன். நான் பீரைச் சுவைப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கசப்பு இருந்தது, நிறம் இருந்தது, உயிர் இல்லை. காற்றெல்லாம் போயிருந்தது.

ஆப்பச் சோடாவையும் வினிகரையும் ஒரு பாட்டிலில் கலந்து, அதில் வரும் வாயுவை மீன்தொட்டிக் குழாய் வழியாக இதற்குள் விட்டேன். பெரிய பெரிய குமிழியாக வந்து மேலேயே உடைந்தன. குளிர வைத்துக் கண்ணாடி மக்கில் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு மக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"செத்த பீரு பாப்பா. உப்புக் கரிக்குது. எந்த மூலையில கிடந்த பாட்டிலோ."

"வேற தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மற்ற ஐந்தும் உண்மையான பீர்தான் குடித்தான்.

மே 5, திங்கள்

நேரு வீதியில் ஒரு கடையில் வீட்டில் சோடா தயாரிக்கும் கருவி வாங்கினேன். சின்ன சிலிண்டர், ஒரு பொத்தான், பிளாஸ்டிக் பாட்டில். தண்ணீருக்கு மட்டும் என்று பெட்டியில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரர், "ஜூஸ்கூட ஊத்தக் கூடாது மேடம், பொங்கிடும்" என்றார்.

பொங்கியது. பொத்தானை அழுத்திய கணத்தில் நுரை என் கண்ணாடியிலும் புடவையிலும் அடுப்பு மேடையிலும். குந்தி உட்கார்ந்து துணியால் துடைத்துக்கொண்டே, ஹாலில் கட்டில் கிறீச்சிடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் நான் இப்படிப் பதுங்கியதில்லை.

மூன்று தடவை தோற்ற பிறகு புரிந்தது. பீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும், குளிர்ந்த திரவத்தில்தான் வாயு தங்கும். பாட்டிலில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. ஒரு நொடி அழுத்தி, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி ஒரு நொடி. பிறகு மூடி, மெல்லச் சாய்த்துச் சாய்த்து, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம்.

மே 6, செவ்வாய்

இன்று பாதிக்குப் பாதி. மக்கில் முதலில் என்னுடையது, மேலே அசல்.

அவனுக்குப் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், "யாரு தொறந்து வச்சது?" என்பான். அதனால் ஒவ்வொரு தடவையும் நாளைக்குக் காய்ச்ச வேண்டிய பாட்டிலை 'டப்' என்று திறந்துவிட்டு, நேற்றுக் காய்ச்சியதை ஊற்றிக் கொடுக்கிறேன்.

நுரை நிற்கும் நேரம்: நாற்பது விநாடி. அசல் பீரில் ஐம்பது.

"இன்னைக்கு நல்லா இருக்கு. மூக்கத் தொடுது பாரு" என்றான்.

மே 7, புதன்

தாவூது இரண்டு பெட்டி கொண்டுவந்தார். என் கையில் அடுப்புச் சூடு பட்டு இரண்டு கொப்புளம்.

மே 8, வியாழன்

பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சமையலறை வாசலில் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. கருவியை முதுகால் மறைத்துக்கொண்டேன்.

"என்ன சத்தம் பாப்பா?"

"குக்கர்."

"குக்கரா? பாம்பு சீறுற மாதிரி சீறுது. வாஷர் போயிடுச்சு. கொண்டா, பார்த்துத் தர்றேன். நாங்க பார்க்காத பிரஷரா?"

"சூடா இருக்கு. நாளைக்குத் தர்றேன். நீ ஏன் எழுந்து வந்த?"

"சும்மாதான். கால் மரத்துப்போச்சு." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "உன் சமையல் இப்பல்லாம் ஒரே கஞ்சி வாசனை. யாருக்குக் கஞ்சி வைக்கிற?"

"எனக்குத்தான். வயிறு சரியில்ல."

"பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். பாதி அசல் கலந்த கடைசி மக் கொடுத்தது மாலை ஏழேகாலுக்கு. குக்கரின் வாஷரைக் கழற்றி, நாளைக்குக் கொடுப்பதற்காக ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன். அந்த வேலையைச் செய்தபோது என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

மே 9, வெள்ளி

இன்று முழுவதும் என்னுடையதுதான். ஆறு மக், ஒன்றில்கூட அசல் இல்லை. நுரை ஐம்பத்திரண்டு விநாடி.

அவனுக்குத் தெரியவில்லை. குடித்தான், செய்தி பார்த்தான், புதிய வாஷரை மாட்டிக் கொடுத்தான். இது இத்தனை சுலபமா? மூன்று வருடத்தை வீணாக்கிவிட்டேன்.

மே 10, சனி

ஒன்பது மக் கேட்டான், கொடுத்தேன். "எவ்வளவு குடிச்சாலும் பத்தல. கம்பெனிக்காரன் ஏமாத்தறான். இதுல ஒண்ணுமே இல்ல பாப்பா" என்றான். "வெயில் ஜாஸ்தி. அதான் தாகம்" என்றேன்.

மின்விசிறிக்குக் கீழேயே பனியன் நனைகிறது. இட்லியைத் தொடவில்லை. மத்தியானம் தூங்கவில்லை, அதனால் என்னால் காய்ச்ச முடியவில்லை. நாடி நூற்றுப் பதினெட்டு. காய்ச்சல் இல்லை. பக்கத்துத் தெருவில் டெங்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். கொசுவர்த்தி ஏற்றினேன்.

மே 11, ஞாயிறு

காலையில் மக்கை அவனால் தூக்க முடியவில்லை. நுரை சட்டையில் சிந்தியது. இரண்டு கையாலும் பிடித்தான், அப்போதும் பல்லில் இடித்துக் கடகடவென்று சத்தம். நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். அதையும் வாந்தி எடுத்தான்.

பதினொரு மணிக்குத் தாவூது வந்தார். கையில் பெட்டி இல்லை, சின்னப் பை. கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினேன்.

"அண்ணன் ஃபோன் பண்ணாரு மேடம். ஒரு குவாட்டர் பிராந்தி கொண்டான்னாரு. கை நடுங்குது, குடுத்தாதான் நிக்கும்னாரு. அழுவுற மாரி இருந்துச்சு குரலு. என்ன, நிறுத்திட்டாரா?"

"இல்ல. தினமும் குடிக்கிறார்."

"அப்ப ஏன் நடுங்குது?" தாவூது பையைக் கைமாற்றிக்கொண்டார். "எங்க மாமா இப்டித்தான், ரம்ஜான் மாசம்னு ஒரே நாள்ல விட்டாரு. மூணாம் நாளு செவுத்துல பாம்பு ஏறுதுன்னு செருப்பால அடிச்சாரு. அப்பறம் வலிப்பு வந்து இழுத்துக்கிச்சு. விடுறதுன்னா கொஞ்சங் கொஞ்சமா விடணுமாம் மேடம். பட்டுனு விட்டா ஆளையே தூக்கிடுமாம்."

"உங்க மாமாவுக்கு வேற ஏதாவது இருந்திருக்கும். விஷத்தை நிறுத்தினா யாரும் சாகறதில்ல தாவூது."

"நீங்க படிச்சவங்க" என்றார். பையோடு திரும்பிப் போனார்.

அண்ணன் உள்ளேயிருந்து, "யாரு பாப்பா? தாவூதா?" என்றான். "கூரியர்" என்றேன்.

ஒரே ஒரு நிகழ்வை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது அறிவியல் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தேன். மூன்று நாள் பாதி. இது வெயில், அல்லது டெங்கு. நாளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.

ஃபிரிட்ஜில் அசல் பீர் பத்துப் பாட்டில் இருக்கிறது. ஒன்றைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

மே 12, திங்கள்

காலை ஆறரை மணிக்கு அண்ணனுக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன்.

பணி மருத்துவர் இந்துஜா சின்னப் பெண். என் பழைய மாணவிகளின் வயது இருக்கும். கேள்விகளை வேகமாகக் கேட்டார்.

"குடிப்பாரா?"

"பீர்."

"எவ்வளவு?"

"ஆறு பாட்டில்."

"எப்ப நிறுத்தினாரு?"

அண்ணன் அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்து, "நிறுத்தலையே. நேத்துகூடக் குடிச்சேன். கேளுங்க இவள" என்றான்.

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"நேத்தும் குடிச்சார்" என்றேன்.

மே 13, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நேற்று முழுவதும் வேறு காரணங்களைத் தேடினார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத் தண்டில் நீர் எடுக்கலாமா என்று பேசிக்கொண்டார்கள். குடியை நிறுத்தியதால் வருகிற வலிப்பாக இருக்க முடியாது, ஏனென்றால் அவன் நிறுத்தவில்லை, அவனும் சொன்னான், தங்கையும் சொன்னாள். தங்கை கல்லூரிப் பேராசிரியை. நான் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அவன் என்னை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. போர்வையில் இல்லாத நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு எழ முயன்றான். "தண்ணி ஏறுதுடா! கால் வரைக்கும் வந்துடுச்சு! எவன்டா அங்க, வால்வ மூடு!" என்று கத்தினான். இரண்டு பேர் பிடித்துக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள்.

"மூடிட்டேன்" என்றேன்.

"மூடலடா நீ! பொய் சொல்ற! சத்தம் கேக்குது பாரு!" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அவன் யாரிடம் பேசினானோ தெரியாது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். மருத்துவர் இந்துஜா நின்றபடியே பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். அவர் வெள்ளிக்கிழமையிலேர்ந்து குடிக்கல."

"ஞாயித்துக்கிழமகூடக் குடிச்சார்னு சொன்னீங்களே மேடம்?"

"குடிச்சது பீர்தான். ஆனா அதுல ஆல்கஹால் இல்ல. நான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்கன்னா?"

"காய்ச்சினேன். காய்ச்சினா காத்து போயிடும், குடிச்சா தெரிஞ்சிடும். அதனால மறுபடி கேஸ் ஏத்தி, குளிர வச்சுக் குடுத்தேன். அவருக்குத் தெரியாது."

அவர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "கண்டுபிடிக்கவே இல்லையா?"

"இல்ல. நுரை நல்லா நின்னுது."

அதை ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. "எத்தனை மணிக்குக் கடைசியா அசல் குடுத்தீங்க? கரெக்டா சொல்லுங்க" என்றார். வியாழன் மாலை ஏழேகால் என்றேன். எனக்கு நிமிடம்வரை தெரியும். நோட்டில் இருக்கிறது. அவர் திரும்பி வார்டுக்குள் ஓடினார், நடக்கவில்லை. "சிஸ்டர்" என்று கூப்பிட்டு ஏதோ ஊசியின் பெயர் சொன்னார். தாவூது சொன்ன அதே பெயரில்லாத நோய்க்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு மருந்தும் இருந்தது. ஒரு நாள் முழுக்க அது அலமாரியில் இருந்திருக்கிறது.

மே 15, வியாழன்

உயிருக்கு ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்கிறார்கள். தூங்குகிறான். கைகளில் துணி கட்டிய தடம்.

மே 19, திங்கள்

நேற்றிலிருந்து தெளிவாகப் பேசுகிறான். குரல் மட்டும் கம்மியிருக்கிறது. அவனுக்கு நான் தாடி மழித்துவிட்டேன்.

"அந்த டாக்டர் பொண்ணுக்கு என்னமோ குழப்பம்" என்றான். "நான் குடிய நிறுத்தினதால வந்த வினையாம். நான் எங்க நிறுத்தினேன்? வேற எவனோட சீட்டோ என் தலைமாட்டுல மாட்டிட்டாங்க போல. நீ போய்ச் சொல்லு."

மருத்துவர் அவனிடம் சொல்லியிருக்கலாம். எனக்காக விட்டுவைத்திருக்கிறார். சவரக் கத்தியைக் கழுவினேன். துடைத்தேன். டப்பாவில் வைத்தேன். அதற்குமேல் செய்ய வேறு வேலை இல்லை.

"சீட்டு மாறல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு வத்த வச்ச?"

"மூணுல ஒரு பங்கு."

"கேஸு?"

"சோடா மெஷின்."

"பொங்கியிருக்குமே."

"பொங்குச்சு. அப்புறம் குளிர வச்சு, கொஞ்சங் கொஞ்சமா ஏத்தினேன்."

தலையாட்டினான். எஞ்சின் அறையில் தனக்குக் கீழே வேலை பார்ப்பவன் சரியான பதில் சொன்னால் அண்ணன் இப்படித்தான் தலையாட்டியிருப்பான் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அந்தக் குக்கரு வாஷர்?"

"நான்தான் கீறினேன்."

பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு வந்து, அவர் சாப்பிட்டு, தட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

"உன் அண்ணியும் கொட்டினா" என்றான். "ஆனா என் கண்ணு முன்னால கொட்டினா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மே 24, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். தாவூதின் ஆட்டோவில்தான் வந்தோம். வழியில் வேகத்தடை வந்தபோது தாவூது, "பிடிச்சுக்கோங்க அண்ணே" என்றார். இறங்கும்போது அவரிடம், "நீங்க சொன்னது சரிதான்" என்றேன். "எது மேடம்?" என்றார். அவருக்கு நினைவில்லை, அல்லது நினைவில்லாதது போல இருந்தார்.

ஃபிரிட்ஜில் அந்தப் பத்துப் பாட்டில்களும் அப்படியே இருக்கின்றன. என்ன செய்வது என்று அண்ணனிடம் கேட்டேன். "இருக்கட்டும்" என்றான். திறந்து குடிக்கவும் இல்லை, எடுத்துப் போகச் சொல்லவும் இல்லை. குடியை விட்டுவிட்டேன் என்று இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

காலையில் காபி கொடுத்தேன். டம்ளரை வாங்கி முகர்ந்தான். மறுபடி என் பக்கம் நீட்டினான்.

"நீ ஒரு வாய் குடி."

நாங்கள் வளர்ந்த வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடித்ததில்லை. எச்சில் விஷயத்தில் அம்மா கறார். தூக்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன்.

"அப்படி இல்ல. வாய் வச்சுக் குடி. உள்ள போச்சான்னு தெரியணும்."

வாய் வைத்துக் குடித்தேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டம்ளரை வாங்கி, திருப்பிப் பிடிக்காமல், நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தான். முழுவதும் குடித்தான். "சக்கரை கம்மி" என்றான்.

பதினொரு மணிக்கு மோருக்கும் அப்படித்தான். மாத்திரை போடுகிற தண்ணீருக்கும். மாலையில் கஞ்சி வைத்தேன், அதிலும் முதல் கரண்டி எனக்கு.

நாளைக்கும் கேட்பான், குடிப்பேன். கேட்காத நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவன் என்னை நம்பத் தொடங்கிவிட்டானா, இல்லை குடிக்க வேறு இடம் கிடைத்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க என்னிடம் எந்தச் சோதனையும் இல்லை.